அங்கெல்லாம் முதலாளியும் ஒரு ஸ்க்ரூவும்

மனித குலம் இதுவரை சாதித்தவற்றுள் தலையாயது எது என்று கேட்டால், சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். பாவம், அவர்களெல்லாம் எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். வைத்தவர்கள் "வாடிக்கையாளர் சேவை" என்ற ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அதையும் உள்ளே இருந்தபடியேதான் சொல்வார்கள். வெளியே வர இன்னும் அவர்கள் முறை வந்திருக்காது.

இந்த மகத்தான சேவையை முதன்முதலாக அனுபவிக்கும் பேறு, அதே தெருவில் கடை வைத்திருக்கும் தையல்காரருக்குக் கிடைத்தது. அவராகத் தேடிப் போகவில்லை. அவருடைய மூக்குக் கண்ணாடியின் வலது காலில் இருந்த ஸ்க்ரூ, வேலை நடுவே கழன்று வெட்டுத் துணிக் குவியலுக்குள் விழுந்து மறைந்துவிட்டது. எள்ளைவிடச் சின்ன ஸ்க்ரூ. தனக்காக உலக நாடுகள் எல்லாம் ஒன்றுகூடி உழைக்கப் போகின்றன என்று அதற்கே தெரிந்திருக்காது.

முன்பெல்லாம் இது ஒரு விஷயமே இல்லை. கண்ணாடிக் கடை மூலையில், மேசை விளக்குக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிடுமூஞ்சி உட்கார்ந்திருப்பான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தெரு வைத்ததுதான் நிலைத்தது. யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

"மறுபடியும் கழட்டிக்கிட்டு வந்துட்டியாண்ணே? மூக்குல மாட்டறியா, கோடாலியில மாட்டறியா?" என்பான். சொல்லி முடிப்பதற்குள் புது ஸ்க்ரூ ஏறியிருக்கும். தன் சட்டை நுனியில் துடைத்து நீட்டுவான். "போ, போ. வெளிச்சத்த மறைக்காத."

அவ்வளவுதான். யாரும் யாரையும் வரவேற்கவில்லை, வழியனுப்பவில்லை, மனம் நிறைந்ததா என்று கேட்கவில்லை. கண்ணாடியை மட்டும் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். அந்தக் காட்டுமிராண்டிக் காலத்தை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த இருளைப் போக்கத்தான் கடை முதலாளி விமானம் ஏறினார்.

வணிகர் சங்கம் ஏற்பாடு செய்த சுற்றுலா. பல நாடுகள், ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம். கூடப் போனவர்கள் கோபுரம் பார்த்தார்கள், அருவி பார்த்தார்கள், பனியில் நடுங்கிக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள். நம் முதலாளி மட்டும் கடை கடையாக ஏறி இறங்கினார். கல்லாவுக்குப் பின்னால் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். ஓர் அருவி அவருக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது?

திரும்பி வந்த நாளிலிருந்து "அங்கெல்லாம்" என்ற சொல் இல்லாமல் அவருக்கு வாய் திறக்கவில்லை. அங்கெல்லாம் கதவு தானாகவே திறக்கும். அங்கெல்லாம் ஈ உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார்கள். வீட்டில் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்தபோதுகூட, "அங்கெல்லாம் தட்ட வச்சுட்டு ரெண்டடி பின்னால போய் நிப்பாங்க" என்றாராம். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார் என்றும், முதலாளி அன்று பட்டினி என்றும் தெருவில் பேச்சு. எப்படியோ, தெரு அவருக்கு "அங்கெல்லாம்" என்றே பெயர் வைத்துவிட்டது. வழக்கம்போல் அவரைக் கேட்கவில்லை.

இது எதுவும் தெரியாமல் தையல்காரர், கால் கழன்ற கண்ணாடியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, வழியைத் தடவித் தடவிக் கடை வாசலுக்கு வந்தார். கதவருகே யாரோ தரையில் எதையோ தேடிக்கொண்டிருப்பது மங்கலாகத் தெரிந்தது. நல்ல மனுஷர், தானும் குனிந்து தேடினார்.

"என்னப்பா விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல. வரவேற்கறேன்," என்றது சிடுமூஞ்சியின் குரல்.

"டேய், நீயா? எந்திரி. முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"நீ உள்ள போற வரைக்கும் நிமிரக் கூடாதுண்ணே. குனியற நாட்டு முறை. சீக்கிரம் போய்த் தொலை... போங்க. தயவுசெய்து போங்க."

"இந்த ஸ்க்ரூவ மட்டும் கொஞ்சம் போட்டுக் கொடுத்துடேன்."

"ஸ்க்ரூவா? அந்தப் பேச்சே எடுக்காத. நான் இப்ப 'வாசல் மகிழ்ச்சி அலுவலர்'. முதலாளி ஸ்க்ரூ டிரைவரப் பிடுங்கி அலமாரியில போட்டுப் பூட்டிட்டாரு. கைக் கறையோட குனிஞ்சா மரியாதை இல்லையாம்."

உள்ளே கவுண்டரில் முதலாளியின் கொழுந்தியாள் நின்றிருந்தாள். வாய் ஒரு காதில் புறப்பட்டு மறு காதில் முடிந்திருந்தது. சிரிக்கிற நாட்டு முறை. மேல்வரிசைப் பல் கட்டாயம் தெரிய வேண்டும். கீழ்வரிசை அவரவர் விருப்பம்.

"வணக்கம், மதிப்புக்குரிய வாடிக்கையாளரே! உங்க நாள் எப்படிப் போகுது?"

"என்னம்மா, நான்தான், தெரியலையா? தொட்டில்ல கெடந்தப்பவே உனக்குச் சட்டை தைச்சவன்."

"தெரியுது மாமா," என்று பல்லைப் பிரிக்காமலே கிசுகிசுத்தாள் அவள். "மேல காமிரா இருக்கு. அத்தான் பார்த்துக்கிட்டிருக்காரு. நாள் எப்படிப் போகுதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"கண்ணு தெரியாமப் போகுது."

"மிக்க மகிழ்ச்சி! நாய் சௌக்கியமா?"

"எங்கிட்ட ஏதும்மா நாய்?"

"அங்கெல்லாம் நாய விசாரிக்காம அடுத்த பேச்சுக்கே போக மாட்டாங்களாம் மாமா. சௌக்கியம்னு சொல்லுங்க."

இல்லாத நாய் சௌக்கியம் என்று தையல்காரர் வாக்குமூலம் கொடுத்தார். அடுத்தது வரிசை நாட்டு முறை. கடையில் அவரைத் தவிர ஆள் இல்லை. ஆனால் ஆள் இல்லை என்பதற்காக ஒழுங்கை விட்டுவிட முடியுமா? கண் பரிசோதனை செய்கிற தம்பி இப்போது "வரிசைக் காப்பாளர்". கம்பம் நட்டு, கயிறு கட்டி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும் ஒரு பாதை போட்டிருந்தான். தையல்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நடந்து நடந்து, கடைசியில் காற்று வீசியது. என்ன இது என்று பார்த்தால் வாசல். சிடுமூஞ்சி மறுபடி குனிந்துகொண்டிருந்தான்.

"மறுபடியும் வந்துட்டியா? என் முதுகு உனக்கு என்ன பாவம்ண்ணே பண்ணிச்சு?"

இரண்டாம் சுற்றில் கொழுந்தியாளே எட்டி அவர் கையைப் பிடித்துக் கவுண்டருக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணாடி ஒரு வெல்வெட் தட்டில் ஏந்தப்பட்டது. மெல்லிய துணியால் துடைக்கப்பட்டது. வெல்வெட் பெட்டிக்குள் படுக்க வைக்கப்பட்டது. பெட்டிக்கு வாசனை தெளித்தார்கள். "தாங்கள் எங்கள் விருந்தாளி" என்று அச்சிட்ட அட்டையை மேலே வைத்தார்கள். பிறகு பெட்டி கண்ணாடி அலமாரிக்குள் போனது. அலமாரி பூட்டப்பட்டது.

"எப்பம்மா கிடைக்கும்?"

"'உலகத்தரச் சேவைப் பிரிவு' திறந்ததும்."

"எப்ப திறப்பீங்க?"

"வெள்ளிக்கிழமை காலையில. சங்கத் தலைவர் வர்றாரு. முதல் வாடிக்கையாளரே நீங்கதான்! அவர் முன்னாலதான் உங்க கண்ணாடிய உங்களுக்குக் கொடுக்கப் போறோம்."

தையல்காரர் பதறிப்போய்ப் பெட்டி இருந்த பக்கம் கையை நீட்டினார். "வெள்ளிக்கிழமையா? ஆகாதும்மா. ரிப்பேரே வேணாம். அப்படியே கொடு. நூல் வச்சுக் கட்டிக்கறேன்."

"உள்ள வந்த பொருள் சேவை வாங்காம வெளிய போகக் கூடாதாம்," என்றாள் அவள். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் பாவமாகப் பார்த்தது.

தையல்காரர் கவுண்டர் முன்னால் நின்று கையைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே வெளியே கிளம்பியவரை வரிசைக் காப்பாளன் மறித்தான். கதவோரம் ஒரு கருவி. மூன்று பொத்தான்கள். எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்றை அழுத்துங்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. அந்தப் பொத்தான்ல என்ன இருக்கு?"

"முதல்ல இருக்கிறது சிரிச்ச முகம். அடுத்தது இன்னும் கொஞ்சம் சிரிச்ச முகம். கடைசியில இருக்கிறது விழுந்து விழுந்து சிரிக்கிற முகம்."

"அழுத முகம்?"

"அங்கெல்லாம் அத யாருமே அழுத்தறதில்லையாம். அதனால முதலாளி வாங்கல."

தையல்காரர் தடவிப் பார்த்து எதையோ அழுத்தினார். கடையில் மின்விசிறி நின்றது. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை என்றதும் தையல்காரர் ஏன் பதறினார்? அவருடைய மகளுக்கு மாமனார் ஒருவர் இருக்கிறார். சம்பந்தி. ஓர் அலுவலகத்தின் கவுண்டரை நெடுங்காலம் அலங்கரித்தவர். "நாளைக்கு வாங்க" என்ற இரண்டே சொற்களைக் கொண்டு ஊருக்கே பொறுமை கற்றுக்கொடுத்தவர். வெள்ளிக்கிழமை மாலை அவருக்குப் பணி ஓய்வு விழா. விழாவுக்கு ஒரு கோட்டு. துணியைச் சம்பந்தியே எடுத்து, "வெளிய கொடுத்தா நல்லா தைப்பாங்க, இருந்தாலும் உறவுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று சொல்லித் தந்திருந்தார். கோட்டு முக்கால்வாசி முடிந்திருந்தது. காலரும் பட்டன் காஜாவும்தான் பாக்கி. நீளத் தையலை விரலே பார்த்துக்கொள்ளும். காலரும் காஜாவும் கண் வேலை. பழைய கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் போட்டால் ஊசி இரண்டாகத் தெரியும், நூல் தெரியவே தெரியாது. வேறு கண்ணாடிக் கடைக்குப் போகலாம் என்றால் பஸ் ஏற வேண்டும். பஸ் நம்பரைப் படிக்கக் கண்ணாடி வேண்டும்.

மகள் தினமும் போன் செய்தாள்.

"அப்பா, கோட்டு என்னாச்சு? மாமா காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னால அதத்தான் கேக்கறாரு."

"ஆயிடும்மா."

"ஆயிடும் ஆயிடும்னா? ஆகலேன்னா அவங்க உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான் பேச்சு விழும். 'உங்கப்பா தைச்ச லட்சணம்'னு நான் கிழவியாகற வரைக்கும் கேட்டுக்கிட்டிருக்கணும்."

போனை வைத்ததும் மனைவியின் முறை. "ஒரு கண்ணாடிய வாங்கிட்டு வரத் துப்பில்ல. அவங்க பூட்டுவாங்களாம், இவரு பார்த்துக்கிட்டு வருவாராம்."

"எங்கடி பார்த்தேன்? கண்ணு தெரிஞ்சாத்தானே பார்க்கறதுக்கு?"

மறுநாள் தையல்காரர் முதலாளியையே பிடித்துவிடுவது என்று கிளம்பினார். முதலாளி பின்னறையில் "ஒப்பீட்டுக் கூட்டம்" நடத்திக்கொண்டிருந்தார். எதிரே சிடுமூஞ்சி, கொழுந்தியாள், வரிசைக் காப்பாளன். சுவரில் உலக வரைபடம். தையல்காரரைக் கண்டதும் முதலாளி துள்ளி எழுந்தார்.

"வாங்க மாஸ்டர், வாங்க! உங்களத்தான் கூப்பிடச் சொல்லலாம்னு இருந்தேன். உக்காருங்க. கேளுங்க. சேவையில நாடுகள் பல வகை. குனியற நாடு இருக்கே, அங்கெல்லாம் நீங்க கடைய விட்டு வெளிய வந்து, தெருமுனை திரும்பி, மறையற வரைக்கும் குனிஞ்சே இருப்பாங்க. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நிமிரலையே! சிரிக்கற நாட்டுல நம்ம சொந்தக்காரன்கூட அப்படிச் சிரிச்சதில்ல. வரிசை நாட்டுல நீங்க அவங்க கால மிதிச்சாலும் அவங்கதான் மன்னிப்புக் கேப்பாங்க. முறைக்கற நாடுன்னு ஒண்ணு இருக்கு. அங்க கடைக்காரன் உங்கள ஏன் வந்தேங்கற மாதிரி பார்ப்பான்."

"அது எதுக்கு வெளிநாடு?" என்றான் சிடுமூஞ்சி. "நான் இருந்தேனே."

"அதனாலதான் அத எடுக்கல," என்றார் முதலாளி. "நம்மகிட்ட இல்லாததத்தான் இறக்குமதி பண்ணணும்."

தையல்காரர் ஒரு பேச்சுக்குக் கேட்டார். "அங்க சாமான் வாங்கினா எப்படிங்க கொடுப்பாங்க? உடைஞ்சத எடுத்துக்கிட்டுப் போனா உடனே பார்ப்பாங்களா?"

முதலாளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாங்கறதா? அங்கெல்லாம் என்ன விலைன்னு தெரியுமா மாஸ்டர்? ஒரு குண்டூசி வாங்கினா நம்ம கடையில பாதி போயிடும். நான் எங்கயும் எதுவும் வாங்கல. உள்ள போவேன், குனிவாங்க. ஒரு சுத்து சுத்துவேன். வெளிய வருவேன், மறுபடியும் குனிவாங்க."

"நடுவுல?"

"நடுவுல என்ன? நடுவுல ஒண்ணும் கிடையாது. அதான் சேவை!"

இப்படி ஒரு தெளிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? மற்றவர்கள் சேவையைப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள்; அதனால் இடையில் வந்த சாமான் அவர்கள் கண்ணை மறைத்துவிட்டது. எதுவும் வாங்காமல் பார்த்த காரணத்தால், கலப்படமில்லாத சுத்தமான சேவையைத் தரிசித்தவர் உலகிலேயே நம் முதலாளி ஒருவர்தான்.

"சரிங்க. என் கண்ணாடி..."

"அதுக்குத்தான் வர்றேன். திறப்பு விழாவுக்கு எல்லாருக்கும் சீருடை வேணும். எனக்கும் சேர்த்து. நான்தான் 'தலைமைச் சேவகன்'. வெள்ளிக்கிழமை காலையில கைக்கு வந்துடணும்."

"தைக்கக் கண்ணாடி வேணுமே, முதலாளி."

"கண்ணாடி வேணும்னா பிரிவு திறக்கணும்."

"திறங்களேன்."

"திறக்கச் சீருடை வேணுமே, மாஸ்டர்."

சிடுமூஞ்சி சுவரில் இருந்த உலக வரைபடத்தை நிமிர்ந்து பார்த்தான். உலகம் உருண்டை என்பதை ஒரே பின்னறைக்குள் உட்கார்ந்து நிரூபித்துவிட்டார்கள்.

தையல்காரர் பெருமூச்சு விட்டு, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். "சொல்லுங்க. எப்படி வேணும்?"

"முதுகுல தாராளமா இடம் விடுங்க, குனியணும். கழுத்துல லூசு வேணும், தலையச் சாய்ச்சுச் சிரிக்கணும். நெஞ்சுல பேட்ஜு குத்த இடம்."

"கையி?"

"கையா?"

"ஆமாங்க. முழுக் கையா, அரைக் கையா? கையால என்ன வேலை செய்வாங்கன்னு சொன்னாத்தான் அதுக்குத் தகுந்த மாதிரி வழி விட முடியும்."

முதலாளி மோவாயைத் தடவினார். நாடு நாடாக நினைத்துப் பார்த்தார். குனிந்த முதுகுகள் வந்தன, சிரித்த பற்கள் வந்தன. கைகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"கைக்குன்னு தனியா ஒரு வேலையும் இல்ல மாஸ்டர். முழுக் கையா வச்சுடுங்க. மத்தது உங்க இஷ்டம்."

"இஷ்டமா?"

"உங்க இஷ்டம்."

தையல்காரர் அன்று வீட்டுக்குப் போகும்போது கையைப் பிசையவில்லை என்பதைத் தெரு கவனித்தது.

சீருடைகளை அவர் விரலால்தான் தைத்தார். மனைவி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்; மிஷினில் அவர் கால் ஓட, விரல் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனது. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், தைத்து முடித்த சட்டை ஒன்றை அந்த அம்மாள் விரித்துப் பார்த்திருக்க வேண்டும். திடீரென்று அந்த வீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அடக்கியும் அடங்காத சிரிப்பு. எதிர்வீடு, பக்கத்து வீட்டிலிருந்து என்ன ஏது என்று விசாரிக்கப் போனவர்களிடம், "ஒண்ணுமில்ல, நூல் சிக்கிக்கிச்சு," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நூல் சிக்கினால் அப்படிச் சிரிக்கிற வீட்டை இந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை. கடை வாசலில் ரிப்பன். பலூன். நாற்காலிகள். தெருவே கூடியிருந்தது. கூட்டத்தின் பின்வரிசையில் சம்பந்தியும் நின்றிருந்தார். கோட்டு வாங்க வந்தவர், தையல் கடை பூட்டியிருந்ததால் சத்தம் வந்த பக்கம் வந்துவிட்டார். சங்கத் தலைவரின் கார் திரும்பியபோதுதான் தையல்காரர் சீருடை மூட்டையோடு வந்து சேர்ந்தார்.

"இப்பதான் வர்றதா மாஸ்டர்? சீக்கிரம், சீக்கிரம்!"

"நீங்க நில்லுங்க முதலாளி. நானே மாட்டி விடறேன்."

பின்னறையில் ஒவ்வொருவருக்காகச் சட்டையை மாட்டி, கழுத்து வரை பிரஸ் பட்டன்களை அழுத்திவிட்டார். பிரஸ் பட்டனுக்குக் காஜாவும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

"அண்ணே," என்றான் சிடுமூஞ்சி. "கை வெளிய வரலியே."

"வரும் வரும். முதல்ல போய்க் குனி."

தலைவர் இறங்கினார். வாசலில் சிடுமூஞ்சி குனிந்தான். முதுகில் துணி தாராளமாக இடம் கொடுத்தது. தலைவர் சொக்கிப்போனார். கொழுந்தியாள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். கழுத்து அழகாக இழுபட்டது. வரிசைக் காப்பாளன் காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்டான். "பிரமாதம், பிரமாதம்!" என்று தலைவர் முதலாளியிடம் கை குலுக்கக் கையை நீட்டினார்.

முதலாளியும் நீட்டினார். தலைவரின் கைக்குள் வந்தது ஒரு தலையணை முனை.

தலைவர் அதை நாகரிகமாகக் குலுக்கினார். வெளிநாட்டுப் பழக்கமாக இருக்கும் என்று நினைத்திருப்பார். முதலாளி தன் கையைப் பார்த்தார். மற்ற கையைப் பார்த்தார். சட்டைக் கையின் முனை, மூட்டை கட்டியதுபோல, அழகாக, இரட்டைத் தையல் போட்டு மூடப்பட்டிருந்தது.

"முதல் வாடிக்கையாளருக்குப் பொருளை வழங்கலாமே," என்றார் தலைவர், கையில் ரிப்பன் கத்தரிக்கோலோடு.

பெட்டி முந்தின நாளே அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, கவுண்டர் மேல் தயாராக இருந்தது. தையல்காரர் முன்னால் வந்து நின்றார்.

"கொடும்மா," என்றார் முதலாளி, பல்லைக் கடித்தபடி.

"எதால அத்தான் கொடுக்கறது?"

"டேய், நீ கொடுடா!"

சிடுமூஞ்சி தன் இரண்டு முனைகளையும் தூக்கிக் காட்டினான். வரிசைக் காப்பாளன் முழங்கைகளால் பெட்டியைக் கிடுக்கிப் பிடி போட்டுத் தூக்கப் பார்த்தான். பெட்டி நழுவிக் கவுண்டர் மேல் உருண்டது. கூட்டத்தில் முதல் சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. தையல்காரரின் மனைவி நின்ற பக்கம் என்பார்கள்.

"என்ன மாஸ்டர் இது!" முதலாளி அடித்தொண்டையில் சீறினார். "கை எங்கய்யா?"

"மன்னிச்சுக்கணும் முதலாளி, கண்ணு தெரியல," என்றார் தையல்காரர் பணிவாக. "குனியறதுக்கு முதுகுல இடம் கேட்டீங்க, விட்டேன். சிரிக்கறதுக்குக் கழுத்துல லூசு கேட்டீங்க, விட்டேன். கையால யாருக்கும் எதுவும் செஞ்சு கொடுக்கற வேலை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

அவரே பெட்டியை எடுத்தார். திறந்தார். வாசனை தெருமுனை வரை போனது. "தாங்கள் எங்கள் விருந்தாளி" அட்டையை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை எடுத்து மூக்கில் வைத்தார். வலது கால் பொத்தென்று கழன்று கீழே விழுந்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. துடைத்தார்கள், வெல்வெட்டில் கிடத்தினார்கள், வாசனை தெளித்தார்கள், கூட்டம் போட்டார்கள், ரிப்பன் கட்டினார்கள். ஸ்க்ரூவை யாரும் போடவில்லை.

"தலைவரே, அதக் கொஞ்சம் கொடுங்க," என்று தையல்காரர் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். சிடுமூஞ்சியின் வலது கை முனையைப் பிடித்தார். விரலால் தையலைத் தடவிப் பார்த்து, கரக்கென்று ஒரு வெட்டு. கை வெளியே வந்தது. தெரு கை தட்டியது. திறப்பு விழா அத்தோடு இனிதே நிறைவுற்றது. ரிப்பனை அதன் பிறகு யாரும் கவனிக்கவில்லை.

சிடுமூஞ்சி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். பின்னறைக்கு ஓடினான். பூட்டு உடைகிற சத்தம், அப்புறம் அலமாரி திறக்கிற சத்தம். ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூ ஏறியது. கண்ணாடியைச் சீருடையின் நுனியில் துடைத்து நீட்டினான். பல நாள் கழித்து முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டதில் அவனுக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

"போண்ணே, வெளிச்சத்த மறைக்காத."

சங்கத் தலைவருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி. கை வெளியே வராத மூன்று பேரையும், அந்த நிலையிலும் கலையாமல் இருந்த கொழுந்தியாளின் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நானும் அந்தச் சுற்றுலாவுக்கு வந்தேனே. வர்றவங்க முன்னால, கைய உள்ள வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே நிக்கறது... இது எந்த நாட்டு முறை?"

"அங்கெல்லாம்..." என்று முதலாளி தொடங்கினார்.

"அது இறக்குமதி இல்லீங்க," என்றார் தையல்காரர், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. "இங்கயே வெளையறது."

கூட்டம் கலைந்தது. கோட்டு ஞாபகத்தில் தையல்காரர் வேகமாகத் திரும்பினால், எதிரே சம்பந்தி. சம்பந்தியின் கண், முதலாளியின் மூடிய கை முனையிலேயே நின்றது. முகத்தில் கவலை.

"சம்பந்தி... கோட்டு?"

"காலரும் காஜாவும்தான் பாக்கி. நீங்க முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்."

"அதுக்கில்ல." சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "அதுல கை வெளிய வர வழி விட்டிருக்கீங்கல்ல?"

தையல்காரர் கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

"தாராளமா விட்டிருக்கேன் சம்பந்தி. இத்தனை வருஷம் உங்களுக்கு அது தேவைப்படல. நாளையிலேருந்து நீங்க கவுண்டருக்கு இந்தப் பக்கம்ல? கையப் பிசைய வேணாமா?"